இருவருக்கு ஒரு பந்து

மே 4

வந்து சேர்ந்தேன். எடின்பரோ விமான நிலையத்தில் கருணாதான் என்னைக் கண்டுபிடித்தான். "அக்கா, இங்க, இந்தப் பக்கம்" என்று குரல் வந்த பிறகே திரும்பினேன். கட்டிக்கொண்டபோது கன்னத்தில் குத்தியது. தாடி. மொய்ரா இறந்ததிலிருந்து சவரமே செய்யவில்லையாம். அவளை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அவன் மனைவியாக முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறாள்.

அங்கிருந்து கடலோரமாகவே வடக்கே கார் பயணம். பால்கெய்ல் என்கிற இந்தச் சின்ன ஊரில் ரிட்டயர் ஆகும்வரை அவன்தான் டாக்டர். வழியில் எல்லோரும் அவனுக்குக் கை காட்டினார்களாம், சொன்னான்.

அவனைக் குன்னூருக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. அறுபத்தைந்து வயசில் தனியாக ஒருத்தன் இந்தக் குளிரில் என்ன செய்வான்? என் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. இதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். முதல் நாளே ஆரம்பித்தால் முறுக்கிக்கொள்வான். சின்ன வயசிலிருந்தே அப்படி.

மே 5

ரசம் வைத்தேன். புளி கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. இந்த வீட்டில் விளக்குகள் எல்லாம் மங்கல். எப்படித்தான் படிக்கிறானோ.

கடைத்தெருவில் தடித்த பேனா ஒன்று வாங்கினேன். மெல்லிய பேனாவில் என் கையெழுத்து எனக்கே பிடிக்காமல் போய்விட்டது.

மே 7

இன்று மைதானத்தைக் காட்டினான். பின்கதவைத் திறந்து, ஒரு கல்சுவரைத் தாண்டினால் கோல்ஃப் மைதானம். அதற்கு அப்பால் கடல்.

"இதுவா?" என்றேன்.

"இதுதான்."

"மரமே இல்லையேடா."

"ஒண்ணுகூட கிடையாது. உப்புக்காத்துல எந்த மரம் நிக்கும்?"

எனக்குக் கோல்ஃப் என்றால் எஸ்டேட் மைதானம்தான். அப்பா அங்கே டாக்டர். ஒன்பது குழி. இரண்டு பக்கமும் சில்வர் ஓக், யூகலிப்டஸ். வருடம் முழுக்க ஈரம், மெத்தை மாதிரிப் புல், காலில் அட்டை. சில காலைகளில் காட்டெருமைகள் நடுவில் நின்றுகொண்டிருக்கும். அவை போகிறவரை நாங்கள் காத்திருப்போம். அதோடு இதை எப்படி ஒப்பிடுவது? இங்கே தரை ஒரு இடத்தில்கூட சமமாக இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது, முதுகு வளைக்கிறது. புல் குட்டை, பாதி பழுப்பு. காலடியில் கல் மாதிரிக் கெட்டி.

"எந்தப் புண்ணியவான் இப்படிக் கட்டினான்?"

"யாரும் கட்டலக்கா. கடல் பின்வாங்கினப்போ விட்டுட்டுப் போன மணல் இது. காத்து அதைக் குவிச்சு மேடாக்குச்சு. விவசாயத்துக்கு ஆகாத நிலம். ஆடு மேய்ஞ்சுது, முயல் கடிச்சுது, புல்லு இப்படிக் குட்டையா ஆச்சு. ஊர்க்காரங்க வந்து குழி தோண்டிக் கொடி நட்டாங்க, அவ்வளவுதான். கடலோர மணல்மேட்டுக்கு இங்க லிங்க்ஸ்னு பேரு. அதனாலதான் இந்த மாதிரி மைதானத்துக்கும் அதே பேரு."

பங்கர் என்று எங்கள் ஊரிலும் மணல்குழிகள் உண்டு. மண்வெட்டியால் அழகாக வெட்டியவை. இங்கே ஒன்றில் இறங்கிப் பார்த்தேன். என் உயரத்துக்கு மேல் சுவர். காற்று தாங்காமல் ஆடுகள் மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கி ஒதுங்கிப் படுத்ததால் ஏற்பட்ட பள்ளங்கள் என்று சொல்கிறார்களாம். "நிஜமோ என்னவோ" என்றான்.

திரும்பும்போது திடீரென்று தேங்காய் எண்ணெய் வாசனை. "யாருடா தலைக்கு எண்ணெய் வச்சுட்டு வந்தது?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. வேலியோரம் முழுக்க மஞ்சளாய்ப் பூத்திருக்கும் முள்புதர்தானாம். அந்தப் பூவுக்கு அப்படியொரு வாசனை. அம்மா பங்களா படியில் உட்கார்ந்து எனக்குப் பின்னல் போட்டுவிடும் காலை அப்படியே வந்து நின்றது. நகராமல் நின்றுகொண்டிருந்தேன். கருணாவும் நின்றான். அவனுக்கும் அதே காலைதான் வந்ததா என்று கேட்கவில்லை.

மே 9

மொய்ராவின் மட்டைகளை எனக்குக் கொடுத்தான். அவளும் நானும் ஒரே உயரம்.

"நான் விட்டு ரெண்டு வருஷமாச்சு. முழங்கால்" என்றேன். "சும்மா அடிக்கா" என்றான்.

முதல் அடி நன்றாக விழுந்தது. அந்தச் சத்தம்! எஸ்டேட் ஈரத்தில் பொத்தென்று கேட்கும். இங்கே கெட்டித் தரையிலிருந்து டக்கென்று ஒரு தெளிவான சத்தம். பந்து உயரே போனதாகத்தான் கைக்குத் தெரிந்தது. அப்பா சொல்லிக்கொடுத்தது அதுதானே, மேலே தூக்கு, மெத்தென்று இறக்கு.

"இங்க அது வேலைக்கு ஆகாதுக்கா. மேல போனா காத்தோடது. தரையோட தரையா விடு. மேடு பள்ளம் எல்லாம் பாத்துக்கும்."

"அப்போ அதிர்ஷ்டம்தானே, விளையாட்டு எங்க இருக்கு?"

"ரெண்டும்தான். நல்லா அடிச்ச பந்து ஒரு புடைப்புல பட்டு பங்கருக்குள்ள போகும். மோசமா அடிச்சது உருண்டு கொடிகிட்ட வந்து நிக்கும். இதுல நியாயம் கேக்கக்கூடாது."

முப்பது வருடம் கோவையில் கல்லூரிப் பெண்களுக்கு இயற்பியல் நடத்தியவளிடம் இதைச் சொல்கிறான்.

நிறையப் பந்துகள் தொலைந்தன. கடலில் பட்டு வரும் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. "எங்க விழுந்துச்சு பாத்தியா?" என்று கேட்டான். "அது உன் வேலை. நீதானே உள்ளூர்க்காரன்" என்றேன். பேசாமல் போய்த் தேடி எடுத்துவந்தான்.

ஒன்று மட்டும் பிடித்திருக்கிறது. இந்தத் தரை காலோடு பேசுகிறது. செருப்பு வழியாகவே சரிவு தெரிகிறது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், கிரீனில், பந்தை உருட்டுவதற்கு முன் குனிந்து பார்க்கவில்லை, குறுக்கே ஒருமுறை நடந்தேன். இரண்டு முறை குழியில் விழுந்தது.

மே 12

மழை. இட்லிக்கு அரைத்தேன்.

எஸ்டேட் கிளப்பில் பெண்பிள்ளைகள் விளையாடக்கூடாது. மேனேஜர் மலையிறங்கிய நாட்களில் அப்பா எங்கள் இருவரையும் கூட்டிப்போவார். நான் கருணாவை எப்போதும் ஜெயிப்பேன். ஒரு வருடம் கிளப் போட்டியில் கோப்பை அவனுக்கு, என் பெயரைச் சேர்க்கவே முடியாதே. அன்று அந்தக் கோப்பையை என் கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அப்போது அவனுக்குப் பதினொரு வயசிருக்கும். இன்று சாப்பிடும்போது ஞாபகப்படுத்தினேன். "நீ அதை எட்டி உதைச்சே. அது உனக்கு ஞாபகம் இல்லையா?" என்றான்.

மே 15

எல்ஸ்பெத் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, எழுபதைத் தாண்டியவள், மொய்ராவின் சிநேகிதி. குரல் கரகரவென்று இருக்கும். ஜூனில் கிளப்பில் ஃபோர்சம்ஸ் ஆட்டமாம். ஜோடிக்கு ஒரே பந்து. ஒருவர் அடித்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும், மாறி மாறி. வருடா வருடம் கருணாவும் மொய்ராவும் ஆடுவார்களாம். "இந்த வருடம் நீ ஆடு" என்றாள் என்னிடம்.

கருணா டீ போட எழுந்து போனான். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 16

முழங்கால் வலி என்று போகவில்லை.

மே 20

இன்று சொல்லிவிட்டேன். மைதானத்தின் கடைசி முனை, ஒன்பதாவது குழி. இங்கே பாதை வட்டமாக வருவதில்லை. கடலோரமாகவே ஒன்பது குழி போய்க்கொண்டே இருக்க வேண்டும், பிறகு திரும்பி ஒன்பது. போகும்போது காற்று முதுகில், யாரும் ராஜா. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறைகிறது. வீடு கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போது பேசினால்தான் எழுந்து போகமாட்டான் என்று நினைத்தேன்.

"குன்னூருக்கு வந்துடுடா. இங்க உனக்கு யார் இருக்கா?"

"மொய்ரா இருக்கா. அந்தச் சர்ச்சுக்குப் பின்னால."

"அவ போயிட்டா கருணா."

"உனக்கு அவ எப்ப இருந்தா, இப்ப போறதுக்கு?"

மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். திரும்பும் வழி முழுக்க காற்றுக்கு எதிரே நடந்தோம். பேசவேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

மே 23

இரண்டு பேரும் மரியாதையாக இருக்கிறோம். அதைவிடச் சண்டை மேல். சட்னியில் உப்பு கம்மியா என்று கேட்டேன். சரியாக இருக்கிறது என்றான்.

மே 25

இதை எழுதலாமா என்று தெரியவில்லை.

காலையில் கிளப் வாசலில் எல்ஸ்பெத்தைப் பார்த்தேன். கருணா உள்ளே இருந்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உன் தம்பி தாடியை எடுத்ததும் பத்து வயசு குறைந்துவிட்டது பார்த்தாயா? நீ வந்த நேரம்தான். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை."

"ஆமாம், ஆமாம்" என்றேன்.

எப்போது எடுத்தான்? நேற்றா? போன வாரமா? தினமும் மூன்று வேளை எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

மே 26

எழுத ஒன்றும் இல்லை.

மே 28

அவனுக்குத் தெரியும். மட்டையை என் கையில் கொடுக்கும்போது கைப்பிடியை என் பக்கம் திருப்பிக் கொடுக்கிறான். படிக்கட்டில் எனக்கு ஒரு படி முன்னால் இறங்குகிறான். எல்லாவற்றையும் யதேச்சையாகச் செய்வது போலச் செய்கிறான். டாக்டர் புத்தி.

என்மேல் கோபமா இரக்கமா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள என்னால் முடியாது.

எழுதிவிட்டேன். இனி இதை அடித்து அழிக்கப் போவதில்லை.

மே 30

காலையில் நல்ல வெயில். கருணாதான் கூப்பிட்டான். எட்டாவது குழி வரைக்கும் வானம்பாடிகள் கத்திக்கொண்டே இருந்தன. ஒன்பதாவதுக்கு வந்தபோது சட்டென்று குளிர்ந்தது.

"ஹார் வருது" என்றான். கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனிக்கு இங்கே அந்தப் பெயர். குன்னூர்க்காரர்களுக்குப் பனி புதிதல்ல. ஆனால் நம் பனி மரங்களுக்கிடையே நின்று நிதானித்து வரும். இதைத் தடுக்க இங்கே ஒன்றும் இல்லை. ஒரே வீச்சில் மூடிவிட்டது.

"இப்ப நடக்க வேண்டாம். பின்னால வர்றவங்க அடிச்சா பந்து மேல பட்டாலும் பட்டுடும்" என்று கையைப் பிடித்து ஒரு பங்கருக்குள் இறக்கினான். புல்கட்டிச் சுவர் மாதிரி எழுப்பியிருந்த பக்கம் முதுகைச் சாய்த்து மணலில் உட்கார்ந்தோம். உள்ளே காற்றே இல்லை. வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. ஆடுகளுக்கு என்ன குறைச்சல் என்று தோன்றியது.

"என்னால என் கையையே பாக்க முடியலக்கா" என்றான்.

அப்போதுதான் கேட்டேன். "தாடி எப்ப எடுத்தே?"

மணலை ஒரு கை அள்ளிக் கீழே விட்டான்.

"இருபத்தொண்ணாம் தேதி. அவ பிறந்தநாள். அவளுக்குத் தாடி பிடிக்காது. நாம சண்டை போட்டதுக்கு மறுநாள். எடுத்துட்டு வந்து உன் எதிர்ல உக்காந்தேன். நீ ஒண்ணும் சொல்லல. மறுநாளும் சொல்லல. அதுக்கு அடுத்த நாள் சட்னில உப்பு இருக்கான்னு கேட்ட. அவ சம்பந்தப்பட்ட எதையுமே நீ பாக்க மாட்டேன்னு நெனச்சேன். அவ்வளவு கோபம் வந்துச்சு."

"அப்புறம்?"

"அன்னைக்கே எனக்குத் தண்ணி ஊத்துன. டம்ளர் விளிம்புல விரலை வச்சுப் பாத்துட்டு ஊத்துன. பந்தைத் தொலைச்சதெல்லாம் அப்பதான் ஞாபகம் வந்துச்சு. என் கோபம் எங்க போச்சுன்னே தெரியல."

"சொல்லியிருக்கலாமே."

"நீயும்தான் சொல்லியிருக்கலாம். நான் டாக்டர்ங்கறது உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

சொன்னேன். கோவையில் இரண்டு டாக்டர், மதுரையில் ஒருவர். மூவரும் ஒரே வார்த்தை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது, ஓரம் மிஞ்சும், மருந்து கிடையாது. நேராகப் பார்த்தால் அழிரப்பரால் தேய்த்த மாதிரி. கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பு தெரியும். அப்படித்தான் பந்தை அடிக்கிறேன். அப்படித்தான் இதை எழுதுகிறேன்.

"என் முகம்?"

"காது தெரியுது. தோள் தெரியுது. நடுவுல நீ இல்ல."

அவன் என் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். மோவாய், கன்னம். மழமழவென்று ஈரமாக இருந்தது. பனியாக இருக்கலாம். மோவாயின் கீழே சின்ன வயசில் பலாமரத்திலிருந்து விழுந்த தழும்பு விரலில் பட்டது. அது அங்கேயே இருக்கிறது.

"உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன்னு சொன்னேன்ல" என்றேன். "அது உனக்காக இல்லடா. எனக்குப் பயமா இருக்கு. வீட்ல ரெண்டு ரூம் சும்மா கெடக்கறது உனக்காகன்னு நானே நம்பிட்டேன்."

வேறு யாராவதாக இருந்தால் உடனே வருகிறேன் என்று சொல்லியிருப்பார்கள். கருணா அப்படிப்பட்டவன் இல்லை. யோசித்தான். கடல் எங்கேயோ இரைந்துகொண்டிருந்தது.

"என்னால இங்கேருந்து முழுசா வர முடியாதுக்கா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா குளிர்காலத்துல வர்றேன். நவம்பர்ல வந்து மார்ச் வரைக்கும் இருக்கேன். கோடையில நீ இங்க வா, விசா கொடுக்கறவரைக்கும். நடுவுல இருக்கற மாசத்துக்கு என்ன பண்றதுன்னு உக்காந்து யோசிப்போம்."

நான் கேட்க வந்தது இதைவிட அதிகம். ஆனால் அவனால் முடிந்ததை அளந்து பார்க்காமல் கொடுத்தான். சரி என்றேன்.

"மொய்ராவைப் பத்திச் சொல்லு" என்றேன் பிறகு. பனி விலகுகிறவரை சொல்லிக்கொண்டிருந்தான். நிறைய. பந்து எங்கே விழுந்தாலும் அது இருக்கும் இடத்திலிருந்துதான் அடிப்பாளாம், விரலால்கூட நகர்த்தமாட்டாளாம். எனக்கு அவளைப் பிடித்திருந்திருக்கும். அதைச் சொன்னேன். பின்னால் வந்தவர்கள் பங்கரிலிருந்து இரண்டு தலைகள் எழுவதைப் பார்த்துப் பயந்துபோனார்கள்.

ஜூன் 2

எல்ஸ்பெத்திடம் ஆடுகிறேன் என்றேன். என் கண் விஷயத்தையும் சொன்னேன். "அப்படியானால் நீ எங்களுக்குச் சலுகை காட்ட வேண்டாம், நாங்களும் காட்டமாட்டோம்" என்றாள். இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 5

பயிற்சி. கருணா என் பின்னால் நின்று சொல்கிறான்: காற்று இடமிருந்து, கொடி நேரே, நடுவில் ஒரு புடைப்பு. நான் பக்கவாட்டில் பந்தைப் பார்த்துக்கொண்டு அடிக்கிறேன். அவன் எங்கே என்று சொல்கிறான். நேற்று ஒரு தடவை பொய் சொன்னான், நன்றாக விழுந்ததென்று. போய்ப் பார்த்தால் முள்புதருக்குள். திட்டினேன். இனி சொல்லமாட்டான்.

ஜூன் 8

ஆட்டம் இன்று. நாங்கள் இருவரும், எதிரே எல்ஸ்பெத்தும் ஏங்கஸ் என்கிற ஓய்வுபெற்ற தபால்காரரும். இந்த ஆட்டம் விசித்திரமானது. என் தப்பை அவன் திருத்த வேண்டும், அவன் தப்பை நான். அவன் பங்கரில் போட்டான், நான் வெளியே எடுத்தேன். நான் புதரில் போட்டேன், அவன் முள் கிழித்த கையோடு வெளியே எடுத்தான். "சாரி சொல்லக்கூடாது, இந்த ஆட்டத்துல அதான் வழக்கம்" என்று முதலிலேயே சொல்லியிருந்தான். மனசுக்குள் நிறைய சொன்னேன்.

போகும்போது ஜெயித்துக்கொண்டிருந்தோம். திரும்பும்போது காற்றில் எல்லாம் போயிற்று. பதினெட்டாவது குழிக்கு வந்தபோது சமம். எதிர்த்தரப்பு முடித்துவிட்டது. நாங்கள் இரண்டு அடியில் போட்டால் சமம் நிற்கும்.

பந்து கிரீனுக்கு வெளியே, ஒரு பள்ளத்தில். என் முறை. எஸ்டேட்டாக இருந்தால் தூக்கித்தான் அடித்தாக வேண்டும். இங்கே உருட்டும் மட்டையை எடுத்தேன். பள்ளத்தில் இறங்கி, ஏறி, கொடி வரை ஒருமுறை நடந்துவிட்டு வந்தேன். இடது காலுக்குச் சரிவு தெரிந்தது.

"கொடிகிட்டப் போய் நில்லு" என்றேன். "பேசிக்கிட்டே இரு."

"என்ன பேசறது?"

"ஏதாவது."

போய் நின்றான். சுற்றி நின்றவர்கள் அமைதியானார்கள். காற்றில் அவன் குரல் வந்தது.

"மேட்டுப்பாளையம். கல்லாறு. அடர்லி."

மலை ரயில். விடுமுறை முடிந்து திரும்பும்போது ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டே ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கத்துவோம். புகை கண்ணில் விழும், அம்மா உள்ளே இழுப்பாள்.

"ஹில்குரோவ். ரன்னிமேடு."

அடித்தேன். பந்து பள்ளத்தில் இறங்குவது கேட்டது, பிறகு கேட்கவில்லை.

"காட்டேரி" என்றான். குரல் மாறியது. அடுத்ததைச் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"எங்கடா?"

"குன்னூர்" என்றான்.

நடந்துபோய்க் குனிந்து தொட்டுப் பார்த்தேன். பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. ஏங்கஸ் கை தட்டினார். எல்ஸ்பெத், அது என்ன பிரார்த்தனையா என்று கேட்டாள். ரயில் ஸ்டேஷன்கள் என்றான் கருணா.

அதை உள்ளே தட்டிவிட வேண்டியது மட்டும்தான் அவன் வேலை. தட்டினான். பந்து குழிக்குள் விழும் சத்தம் வரவில்லை. பிறகு எஸ்டேட் லாரி டிரைவர்களிடம் கற்றுக்கொண்ட ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது. அப்பா இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன்.

தோற்றுவிட்டோம். கோப்பையை எல்ஸ்பெத் வாங்கிக்கொண்டாள். கல்சுவரைத் தாண்டி வீட்டுக்கு வரும்போது சொன்னேன்:

"அவ்வளவு கிட்டக் கொண்டுவந்து வச்சேனேடா."

"காத்துக்கா."

"உருளுற பந்துக்கு ஏதுடா காத்து?"

காற்றுதான் என்று சாதித்தான். கை கால் கழுவி, சோறு வடித்து, தட்டில் போடுகிறவரை சாதித்துக்கொண்டே இருந்தான்.